கங்குன் பாத்திக்குப் போன பைப்

அந்தப் பாடசாலைக்கு இரசாயனவியல் படிப்பிக்க மாற்றலாகிப் போன முதல் கிழமையே எனக்கு ஒரு கட்டு கங்குன் கீரை கிடைத்தது. கொண்டுவந்து மேசையில் வைத்தவர் விவசாயப் பாட மாஸ்டர். புது டீச்சருக்கு என்றார், அவ்வளவுதான். ஆனால் நான் கீரையைத் தூக்கிப் பார்த்து ஏதாவது சொல்லும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தண்டு விரல் பருமன் இருந்தது. இலை என் உள்ளங்கையைவிட நீளம். நல்ல கீரை என்றேன். உடனே பின்பக்கம் வந்து பாத்தியைப் பார்க்கச் சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பாடசாலை மாம்புரிக்கும் கற்பிட்டிக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. கால் வைக்கும் இடமெல்லாம் மணல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கொப்பியைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் மணல் கொட்டும். வெங்காயத் தோட்டக்காரர்கள் விடியற்காலையிலிருந்து மோட்டாரைப் போட்டு நீர் இறைத்தும் வெங்காயத் தாள்கள் வாடிக்கிடக்கும். அந்தக் காலத்திலும் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்த மாஸ்டருடைய பாத்தி மட்டும் வயல் வரம்பு மாதிரி ஈரமாக, கடும் பச்சையாக நின்றது. இரகசியம் என்ன என்று கேட்டேன். மாட்டெரு என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கைராசியும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்.

கிழமைக்கொரு தடவை அவர் கட்டுக்கட்டாக அறுத்து ஆசிரியர் அறைக்குக் கொண்டுவருவார். ஆகப் பெரிய கட்டு அதிபருக்கு. அதிபரின் மனைவி அதைத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி, சோற்றுப் பார்சலில் மீன் பொரியலுக்குப் பக்கத்தில் வைத்து அனுப்புவார். பகலில் அதிபர் அறையைக் கடந்து போனால் அந்த வாசம் வரும். தோட்டப் போட்டியில் கல்வி வலயத்தில் முதலிடம் வந்த சான்றிதழ் அவர் கதிரைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

இனி என் ஆய்வுகூடம். நீளமான சீமெந்து மேசைகள், துருப்பிடித்த குழாய்கள், சுவரோரம் வரிசையாகப் பீங்கான் சிங்க்குகள். சிங்க்குகள் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கவேண்டும். நான் போனபோது ஒன்றில் மஞ்சள் கறை, இன்னொன்றில் நீலம், மூலையிலிருந்த ஒன்று வெள்ளி நைத்திரேற்றுப் பட்டுப் பட்டுக் கறுத்துப்போய் வெற்றிலைத் துப்பல் படிக்கம் மாதிரி இருந்தது.

உயர்தர வகுப்புக்கு உப்புகளை இனங்காணும் செய்முறை என்று ஒன்று உண்டு. ஒரு கரைசலில் எந்த உலோகம் இருக்கிறது என்று, இன்னொரு கரைசலை ஊற்றி, வருகிற நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது. ஈயத்தோடு அயடைட்டைச் சேர்த்தால் பொன் மஞ்சள். செப்போடு அமோனியாவைச் சேர்த்தால் ஆழ்கடல் நீலம். பிள்ளைகளுக்கு இரசாயனவியலில் பிடித்த ஒரே நாள் அதுதான். ஒரு துளி போதும் என்றால் சோதனைக் குழாயில் அரைவாசி ஊற்றுவார்கள். நிறத்தைப் பார்த்துக் குதூகலித்து முடிந்ததும் எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டுவார்கள். அங்கே அவை ஒன்றோடொன்று கலந்து இன்னும் விசித்திரமான நிறங்கள் வரும். என் வகுப்பில் ஒரு குறும்புக்காரி இருந்தாள். அடுத்து சிங்க்கில் என்ன நிறம் வரும் என்று மற்றவர்களோடு பந்தயம் கட்டுவது அவள் வேலை. பெரும்பாலும் அவள்தான் வெல்வாள்.

முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு கேள்வி வந்தது. இது எங்கே போகிறது? வகுப்பைக் கேட்டேன். கடலுக்கு என்றான் ஒருவன். குழிக்கு என்றான் இன்னொருவன். “தண்ணி போற எடத்துக்குத்தான் டீச்சர்,” என்றாள் குறும்புக்காரி. ஆய்வுகூட உதவியாளராக இருந்த பெண்ணைக் கேட்டேன். அவர் என் வயதுக்காரி, நெடுநாளாக அங்கேயே வேலை. கீழே போகிறது என்று மட்டும் தெரியும் என்றார்.

அழுகிப்போகிற சாமான் என்றால் எனக்கு அவ்வளவு கவலையில்லை. மீன் தலையை மணலில் புதைத்தால் சில நாளில் மண்ணாகிவிடும். ஈயமும் குரோமியமும் பாதரசமும் அப்படியல்ல. அவை அழுகா, எரியா, தேயா. போட்ட இடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து நடக்கும். எங்கள் குடாநாட்டில் நாங்கள் குடிக்கும் தண்ணீர் அந்த மணலுக்குக் கீழேதான் இருக்கிறது. பாடசாலைக் கிணறு ஆய்வுகூடத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்.

அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எந்தக் கதையையும் இரண்டாவது வசனத்தில் முடித்துவிட விரும்புகிறவர். “டீச்சர், இது மணல் நெலம். எத ஊத்தினாலும் குடிச்சிரும்,” என்றார். குடித்த பிறகு எங்கே வைத்துக்கொள்ளும் என்று கேட்டேன். அவருக்குத் தொலைபேசி வந்தது. அழைப்பு மணி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

சரி, நானே பார்க்கிறேன் என்று முடிவெடுத்தேன். கற்பிட்டி டவுனில் கேக் சாமான் விற்கும் கடையொன்றில் சிவப்பு ஐசிங் கலர் வாங்கினேன். திட்டத்தை வகுப்புக்குச் சொன்னபோது, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட முன்னுக்கு வந்து நின்றார்கள். சிங்க்கில் கலரை ஊற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் விடுவது. சிவப்பு எங்கே வருகிறது என்று பார்ப்பது. கிணற்றடியில் ஒருவன், மலசலகூடக் குழியடியில் ஒருவன், வெங்காயத் தோட்ட வேலியடியில் ஒருத்தி என்று காவல் போட்டோம். எவருக்கும் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர்களாகவே சத்தியம் பண்ணிக்கொண்டார்கள்.

இடைவேளை மணி அடித்ததும் ஊற்றினோம். காவல்காரர்கள் எல்லோரும் தங்கள் இடங்களிலிருந்து கையை ஆட்டினார்கள், ஒன்றுமில்லை என்று. இன்னும் இரண்டு வாளி ஊற்றினோம். அப்போதும் ஒன்றுமில்லை. நான் தோற்றுப்போய் வாளியைக் கீழே வைக்கப் போனபோது, நாங்கள் ஒருவரையும் நிறுத்தாத இடத்திலிருந்து, ஆய்வுகூடத்துக்குப் பின்னாலிருந்து, விவசாய மாஸ்டரின் குரல் கேட்டது. பாடசாலைக் காவலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கங்குன் பாத்தியின் நடுவே, தண்டுகளுக்கு இடையில், சிவப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. நல்ல செந்நிறம். அது ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை. மாஸ்டர் பார்த்தவுடனேயே முடிவுக்கு வந்துவிட்டார். யாரோ குர்பானுக்கு மாடு அறுத்துவிட்டு இரத்தத்தையும் குடலையும் தன் பாத்தியில் புதைத்துவிட்டான்! காவலாளியைப் பார்த்து, கேட்டுக்குச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது என்றார். என் வகுப்பு முழுதும் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடத் தொடங்கியது. தோள்கள் குலுங்கியதை வைத்து என்ன தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

விசாரணை அதிபர் அறையில் நடந்தது. ஆய்வுகூட ஜன்னல் பாத்தியைப் பார்த்தபடி இருப்பதால் சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள். மாஸ்டர் ஒரு மண்வெட்டி நிறையச் சிவப்பு மண்ணை எடுத்துவந்து மேசையில் ஒரு பேப்பரின் மேல் வைத்திருந்தார். அதற்குப் பக்கத்திலேயே அதிபரின் சோற்றுப் பார்சல் விரிந்து கிடந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தார். காவலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நாய் இழுத்து வந்திருக்கலாம் என்று அதிபர் ஒரு யோசனை சொன்னார். நாய் இழுத்து வரும், குழி வெட்டித் திரும்ப மூடுமா என்று மாஸ்டர் மடக்கினார். நான் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, மண்வெட்டி மண்ணைக் கவனமாகப் பார்ப்பதுபோல் நின்றேன். பாவம், காவலாளியைப் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

“சேர், அது ரத்தமில்ல. கேக்குக்குப் போடுற கலர். நான்தான் ஆய்வுகூடத்து சிங்க்ல ஊத்தினன். எங்க போய் வருதெண்டு பாக்க.”

முதலில் மாஸ்டருக்குத்தான் நிம்மதி. அப்படியென்றால் பாத்திக்கு ஒன்றுமில்லை, கலர்தானே, இரண்டு நாளில் கழுவுப்பட்டுப் போய்விடும் என்றார். காவலாளி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.  அதிபர் கையில் ஒரு பிடி சோறு இருந்தது. சோற்றில் கங்குன் சுண்டல் இருந்தது. அந்தக் கை வாய்க்கும் பார்சலுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

“டீச்சர்,” என்றார் மெதுவாக, “அந்த சிங்க்ல வேற என்னத்த ஊத்துவீங்க?”

சொன்னேன். ஈய நைத்திரேற்று. பொற்றாசியம் குரோமேற்று. செப்பு, வெள்ளி, பேரியம். முன்பிருந்தவர்கள் மேர்க்கூரிக் குளோரைட்டும் பாவித்திருக்கிறார்கள், போத்தல் அரைவாசி தீர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் அதிபர் சுண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்சலின் ஓரத்துக்குத் தள்ளினார். பாதரசம் என்று நான் தமிழில் சொன்னதும் பார்சலையே மூடிவிட்டார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். ஆய்வுகூடத்துச் சுவரைத் தாண்டும் இடத்தில் பைப் எப்போது உடைந்ததோ, அப்போதிருந்து என்றேன். மாஸ்டர் தன் சான்றிதழை அண்ணாந்து பார்த்தார்.

பாடசாலை விடும் மணிக்கு முன்பே கதை எல்லா வகுப்புக்கும் போய்விட்டது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரேயடியாக நோய் ஞாபகம் வந்தது. ஆங்கில டீச்சருக்குத் தலைமுடி உதிர்ந்ததன் காரணம் விளங்கிவிட்டது. கணித மாஸ்டருக்கு முழங்கால் வலி. இந்தச் சிறு அளவில் கீரை தின்று முழங்கால் வலிக்காது என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னேரம் அதிபரின் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார். தன் கணவரின் மறதி அந்தக் கங்குனால் வந்ததா என்று ஒளிக்காமல் சொல்லச் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும், எப்போதிருந்து மறதி என்று கேட்டேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்றார்.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. நானும் அந்தக் கீரையைத் தின்றிருந்தேன். என் பிள்ளைகளுக்கும் ஊட்டியிருந்தேன். என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். பாத்தி மண், கீரை, கிணற்றுத் தண்ணீர் மூன்றையும் அவள் சொன்னபடி எடுத்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதில் வரச் சில கிழமைகள் பிடித்தன. மண்ணில் ஈயமும் குரோமியமும் இருக்கவேண்டியதைவிட அதிகம். கீரையில் அவ்வளவில்லை, ஆனால் தின்னவேண்டாம். கிணற்றில் இல்லை. அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு, “இன்னும் இல்ல, அவ்வளவுதான். விளங்கிச்சா?” என்றாள் சிநேகிதி. அதிபர் புத்தளத்துக்குப் போய் இரத்தம் சோதித்துவிட்டு வந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி ஆசிரியர் அறைக்கு எட்டியதும் ஆங்கில டீச்சர் வேறு ஷாம்பூ வாங்கினார்.

விவசாய மாஸ்டர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. பாத்தியைத் தன் கையாலேயே பிடுங்கினார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆய்வுகூட வாசலைக் கடக்கும்போது மட்டும், அங்கே நிற்கும் முருங்கை மரத்தைப் பார்த்து, சிலர் படிப்பிக்க வருகிறார்கள், சிலர் நஞ்சு வைக்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்.

இவ்வளவு தெரிந்த பிறகும், ஊற்ற வேறு இடம் கிடைக்கும்வரை என்று நான் சிங்க்கையே பாவிக்க விட்டிருந்தேன். அப்படி ஒரு திங்கட்கிழமை. செய்முறை முடிந்து குறும்புக்காரி சோதனைக் குழாயை சிங்க்கில் கொட்டினாள். தண்ணீர் இறங்கவில்லை. இன்னொருத்தி அடுத்த சிங்க்கில் கொட்டினாள். அதுவும் இறங்கவில்லை. யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லா சிங்க்கிலும் ஏரி மாதிரித் தண்ணீர் நின்றது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில். ஒன்று வழிந்து என் சப்பாத்துக்குள் போனது. வெளியே போய்ப் பார்த்தேன். பைப் உடைந்த இடத்தைத் தோண்டி, அதன் வாயில் சீமெந்து குழைத்து அடைத்து, மேலே கரண்டியால் வழவழவென்று தேய்த்தும் விட்டிருந்தது. அவ்வளவு நேர்த்தி. மேசன்கூட அப்படிச் செய்யமாட்டான்.

நேரே விவசாயக் கூடத்துக்குப் போனேன். அவர் கத்தரிக் கன்றுகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். பைப்பை யார் அடைத்தது என்று கேட்டேன்.

“நான்தான்,” என்றார், நிமிராமல். “எனக்கிட்டக் கேக்காம நீங்க என்ட பாத்திக்கு அனுப்பினீங்க. உங்களுக்கிட்டக் கேக்காம நான் திருப்பி அனுப்பிட்டன்.”

சண்டை பிடிக்கத்தான் போனேன். வழி முழுக்க வசனங்கள் தயாராக இருந்தன.  ஆனால் அவர் பேச்சு நியாயமாக இருந்தது. சிரிப்பு வேறு வந்தது. நனைந்த சப்பாத்தோடு திரும்பிவந்து, நின்ற தண்ணீரையெல்லாம் கோப்பையால் அள்ளிப் பிளாஸ்டிக் கலன்களில் நிரப்பினோம். அன்றைக்குத்தான் ஒரு வகுப்பு ஒரு நாளில் எவ்வளவு கழிவை வெளியே அனுப்புகிறது என்று என் கண்ணால் கண்டேன். கலன்கள் போதாமல் சாயக்காரன் விட்டுப்போன பெயின்ட் வாளியையும் எடுக்கவேண்டி வந்தது. அள்ளி அள்ளிக் கை ஓய்ந்த குறும்புக்காரி அதன் பிறகு பந்தயம் கட்டவில்லை.

அதிபருக்கு மாஸ்டரின் வேலை நன்றாகப் பிடித்துவிட்டது. புதிதாக ஒரு தொட்டி கட்டும்வரை பைப்பைத் திறக்கக்கூடாது என்றார். தொட்டி எப்போது கட்டுவது என்றேன். மேலிடத்துக்கு எழுதவேண்டும் என்றார். மேலிடம் எவ்வளவு வேகம் என்று இருவருக்கும் தெரியும். ஆக, என்னிடம் ஆய்வுகூடம் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், பரீட்சை வந்துகொண்டிருந்தது. ஊற்றுவதற்கு மட்டும் இடமில்லை.

ஊற்ற இடமில்லை என்றால் ஊற்றுவதற்கு ஒன்றும் வராமல் பார்க்கவேண்டும். நிறத்தைக் காண அரைக் குழாய் தேவையில்லை, இரண்டு துளி போதும். துளி வைக்கக் குழி குழியாகப் பீங்கான் தட்டு இருக்கிறது, எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் வெடிப்பு விழுந்தது. வீட்டில் மருந்துப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தபோது கையில் வெறும் மாத்திரைக் காட் ஒன்று அகப்பட்டது. மாத்திரையை அமுக்கி எடுத்த பிறகு மிஞ்சுகிற, குமிழ் குமிழான பிளாஸ்டிக். திருப்பி வைத்து ஒவ்வொரு குமிழிலும் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் வகுப்பில், வீட்டில் கிடக்கும் வெறும் காட்களைக் கொண்டுவரச் சொன்னேன்.

அந்த ஒரு வசனத்தின் விளைவு அடுத்த நாளே வாசலுக்கு வந்தது. கரைத்தீவுப் பக்கத்து உம்மா ஒருவர். வடக்கிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். கருவாடு காயப்போடும் வாடியிலிருந்து நேரே வந்திருந்தார், ஆளுக்கு முன்னே வாசம் வந்தது. ஒரு போத்தலை என் மேசையில் டக்கென்று வைத்தார். போத்தல் நிறைய மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள், ரோஸ், சின்னது, பெரியது எல்லாம் ஒன்றாக.

“டீச்சர், வெறும் காட் வேணுமெண்டு சொன்னீங்களாமே. என்ட மகன் வாப்பாட மருந்து எல்லாத்தையும் அமுக்கி இதுக்குள்ள போட்டுட்டு காட்ட மட்டும் எடுத்துக்கொண்டு வந்துட்டான். இப்ப எது சீனிக்கு, எது பிரஷருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? மனிசன் காலையில இரிந்து மருந்து குடிக்கல்ல. போத்தலப் பாத்துக்கொண்டு இரிக்கிறாரு.”

அவர் மகன் கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் வகுப்பிலேயே அதிகமான காட்கள் அடுக்கியிருந்தன. நான் மன்னிப்புக் கேட்டேன். அதோடு விட முடியாது என்பதால், அடுத்த பாடவேளைக்கு ஆள் பிடித்து வைத்துவிட்டு, உம்மாவையும் போத்தலையும் காட்களையும் கூட்டிக்கொண்டு த்ரீவீலில் கற்பிட்டிக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீச்சர் செய்த வேலையா என்று கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, அடையாளம் பார்த்து, உறுதியாகத் தெரிந்ததைத் தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்தார். சந்தேகமானதை எறிந்துவிட்டுப் புதிதாகக் கொடுத்தார். உம்மாவின் கோபம் திரும்பி வரும் வழியில் தணிந்துவிட்டது. த்ரீவீலில் வைத்து, இந்தக் காட்டெல்லாம் என்னத்துக்கு என்று விசாரித்தார். வகுப்புக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன்.

வந்தார். மகனே செய்து காட்டினான். ஒரு குமிழில் நிறமில்லாத துளி, அதன் மேல் நிறமில்லாத இன்னொரு துளி. சட்டென்று பொன் மஞ்சள் விரிந்தது. உம்மா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுக்குத்தானா வாப்பாவப் பட்டினி போட்ட?” என்றார் மகனிடம். ஆனால் அடுத்த கிழமை அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் கேட்டு, ஒரு பொலித்தீன் பை நிறைய வெறும் காட்களைச் சேர்த்து அனுப்பியவர் அவர்தான். அந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய் என்று எங்கள் ஆய்வுகூடத்துக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது.

இப்படித்தான் வேலை ஓடத் தொடங்கியது. வகுப்பு முழுதும் செய்முறை செய்து முடித்தால் கழிவு சில ஜாம் போத்தல்களுக்குள் அடங்கியது. ஈயம் ஒன்றில், குரோமேற்று ஒன்றில், வெள்ளி ஒன்றில், மிச்சம் இன்னொன்றில். காட்டைக் கழுவுகிற முதல் தண்ணீரும் போத்தலுக்குத்தான், அதிலும் உலோகம் இருக்கும். போத்தல் நிறைந்தால் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவோம். உலோகம் களியாகி அடியில் படியும். ஈயத்துக்குச் சுண்ணாம்பு கூடினால் படிந்தது திரும்பக் கரைந்துவிடும், அதனால் அங்கே கை அடக்கம் தேவை. குரோமேற்றை முதலில் வேறொரு மருந்து போட்டு அதன் மஞ்சள் கொழுப்பை அடக்கி, பச்சையாக்கி, பிறகுதான் படியவைக்கலாம். பாதரசப் போத்தலை மட்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதன் நிறத்தைப் பிள்ளைகள் படத்தில் பார்த்தால் போதும். மேலே தெளிந்த தண்ணீரைக்கூடக் கீழே ஊற்றாமல் அகன்ற தட்டில் வெயிலில் வைத்தோம். உப்பளம் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காயவைப்பது எப்படி என்று நான் படிப்பிக்கவேண்டியிருக்கவில்லை. காகம் வாய் வைக்காமல் மேலே பழைய மீன் வலை கட்டினார்கள்.

சுண்ணாம்பு தந்தது விவசாய மாஸ்டர். மண்ணுக்குப் போடுவதற்கென்று அவரிடம் மூட்டை இருந்தது. கேட்டு ஆள் அனுப்பினேன். பையனிடம் கொடுத்துவிடாமல் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் போகவில்லை. போத்தல்களைப் பார்த்தார். சிங்க்குகளைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருக்கிறதா என்று. அதன் பிறகு ஒவ்வொரு செய்முறை நாளும் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு வருவார். ஒரு பிள்ளை சிங்க் பக்கம் கையை நீட்டினால் போதும், தொண்டையைச் செருமுவார். எனக்குக் கண்காணிப்பாளர் ஒருவர் இலவசமாகக் கிடைத்தார்.

பாத்தி மண்ணை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் அடுத்த சண்டை. அவர் அதை அடியோடு தோண்டி உரப்பைகளில் கட்டி, ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். உங்கள் சாமான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பைகளின் மேல் பிள்ளைகள் ஏறி உட்காரத் தொடங்கியதும் நான் சிநேகிதிக்குப் போன் எடுத்தேன். களியை வாங்கிக்கொள்வோம், மண்ணுக்கு இங்கே இடமில்லை, கெட்டியான கொங்கிரீட்டுக்குள் அடைத்துவிடுங்கள், தண்ணீர் தொடாது என்றாள். கொங்கிரீட் என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

அந்த நேரம் பாடசாலைக்குக் கொடிக்கம்ப மேடை ஒன்று கட்டவேண்டியிருந்தது. மாஸ்டரும் மேசனுமாகச் சேர்ந்து, நடுவில் அந்த மண்ணைச் சீமெந்தோடு குழைத்து அடைத்து, சுற்றிவரத் தடிப்பாகக் கொங்கிரீட் போட்டு, மேலே சிவப்புச் சீமெந்து பூசிப் பளபளக்க வைத்தார்கள். அதிபருக்கு நாங்கள் ஒளிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுமதி வாங்கினோம். ஆபத்தில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். தின்றால்தானே என்றார் மாஸ்டர். அதிபர் ஒவ்வொரு காலையும் அந்த மேடையில் ஏறித்தான் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறார். நடுவில் நிற்கமாட்டார். ஓரமாக, குதிக்கால் வெளியே தெரிய நிற்பார். அறிவுரையும் முன்பைவிடச் சுருங்கிவிட்டது.

தொட்டிக்கு அனுமதி வந்தது நாங்கள் மறந்துபோன பிறகு. பைப்பை மாற்றினார்கள், சிங்க்குகள் திறந்தன. இப்போது அவற்றில் சவர்க்காரத் தண்ணீர் மட்டும்தான் போகிறது. காய்ந்த களியைச் சிநேகிதியின் ஆட்கள் வருடத்துக்கொரு முறை வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு வருடக் கழிவு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும்.

போன தவணை வேறு பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளை புதிதாக எங்கள் வகுப்புக்கு வந்தாள். முதல் செய்முறை முடிந்து, மற்றவர்கள் காட்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜாம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். இவ்வளவுதானா என்று கேட்டாள். ஓம், இவ்வளவுதான் என்றேன், பெருமையை மறைக்க முடியாமல். அவள் போத்தலை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“பழைய ஸ்கூல்ல சிங்க் நெறய பச்சைத் தண்ணி ஓடும் டீச்சர்,” என்றாள். “அதப் பாத்துத்தான் நான் கெமிஸ்ட்ரி எடுத்த.”